ஹீட்டரைத் தொடாதீர்கள், முதலில் ப்ளோவரைக் குறையுங்கள்

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டக் கோயில் மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் கேட்டது இது. கூலிமில் மூடிய ஒரு தொழிற்சாலையிலிருந்து 10 டன் குளிர்விக்கும் திறன் கொண்ட, எல்லாப் பாகமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் பேக்கேஜ் ஏர்கோன் ஒன்றைச் செயலவை வாங்கி, மண்டபத்துக்குப் பின்னால் மேடை கட்டி வைத்திருக்கிறது. மூன்று மாதமாக ஓடுகிறது. கல்யாணக் கூட்டம் நிறைந்தால் குளிர்ச்சி போதவில்லை. முப்பது நாற்பது பேர் வரும் சமய வகுப்பு நாளில் குளிர்கிறது, ஆனால் உடம்பு பிசுபிசுக்கிறது. சுவரில் மாட்டிய பழைய தலைவர்களின் படங்களில் பூசணம். மணமேடைக்கு மேலே இருக்கும் காற்று வாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. காற்றைத் தள்ளும் ப்ளோவரின் மோட்டார் தகட்டில் 4.8 ஆம்பியர் என்று இருக்கிறது, கிளாம்ப் மீட்டர் 5.6 காட்டுகிறது. வெயில் ஏறிய மதியத்தில், ஆம்பியர் மிஞ்சினால் துண்டிக்கும் ஓவர்லோடு விழுந்து ப்ளோவர் நின்றுவிடுகிறது. பெட்டிக்குள் 15 கிலோவாட் ஹீட்டர் ஒன்றும் இருக்கிறது. "ஹீட்டரைக் கொஞ்சம் போட்டால் ஈரம் போகுமா? ஒருவர் ப்ளோவரைக் கூட்டச் சொல்கிறார், கூட்டலாமா?"

தம்பி, கூட்டாதீர்கள். குறைக்க வேண்டும். கல்யாணக் கூட்டத்துக்குக் குளிர்ச்சி போதாததைத் தவிர, நீங்கள் எழுதிய மற்றக் குறைகள் எல்லாம் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன: உங்கள் பெட்டி தேவைக்கு மேல் காற்றைத் தள்ளுகிறது. ஹீட்டரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த யூனிட் தொழிற்சாலையில் இருந்தபோது அதன் காற்று நீண்ட டக்ட் (காற்றுக் குழாய்) வழியாக, பல வளைவுகளும் கிளைகளும் தாண்டிப் போயிருக்கும். அத்தனை தடையையும் மீறிக் காற்றுப் போக வேண்டும் என்று அங்கே ப்ளோவரைப் பெல்ட் வழியாகச் சுற்றும் புல்லியை வேகமாக வைத்திருப்பார்கள். உங்கள் மண்டபத்தில் டக்ட் குட்டையானது, சுவரைத் தாண்டியதும் காற்று வாய் வந்துவிடுகிறது. தடை குறைந்துவிட்டது, வேகம் அப்படியே இருக்கிறது. இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது முன்னோக்கி வளைந்த சிறு இதழ்கள் கொண்ட அணில் கூண்டு ப்ளோவர். அதற்குத் தடை குறைந்தால் காற்று கூடும், காற்று கூடினால் மோட்டார் இழுக்கும் ஆம்பியரும் கூடும். உங்கள் 5.6 அங்கிருந்து வந்ததுதான். மோட்டார் கெட்டுவிட்டது என்று யாராவது மாற்றச் சொன்னால் இப்போதைக்கு மாற்றாதீர்கள்.

காற்று கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். காற்றைக் குளிர்விக்கும் குழாய்த் தொகுதியான காயில் இரண்டு வேலை செய்கிறது. காற்றின் சூட்டை இறக்குகிறது, காற்றில் இருக்கும் ஈரத்தைத் தண்ணீராக்கி டிரெயினில் விடுகிறது. ஈரம் தண்ணீராக வேண்டுமானால் காயிலின் உடம்பு நன்றாகச் சில்லென்று இருக்க வேண்டும். காற்று வேகமாகப் பாய்ந்தால் காயில் சற்றுச் சூடேறி நிற்கும், ஈரத்தை விட்டுவிட்டு வெப்பத்தை மட்டும் இறக்கும். தெர்மோஸ்டாட் வெப்பத்தை மட்டும்தான் பார்க்கும். ஆட்கள் குறைந்த நாளில் சீக்கிரமே போதும் என்று கம்ப்ரஸரை நிறுத்திவிடும். மண்டபம் குளிர்ந்திருக்கும், காற்றில் தண்ணீர் அப்படியே இருக்கும். தவில்காரரிடம் கேட்டுப் பாருங்கள், அந்த மண்டபத்தில் தோல் இறங்கிப் போகிறது என்று அவர் ஏற்கனவே யாரிடமாவது சொல்லியிருப்பார்.

பொதுவான கணக்கு ஒரு டன்னுக்கு 400 சிஎஃப்எம். அதாவது நிமிடத்துக்கு 400 கன அடி காற்று. நம்மைப் போல ஈரம் மிகுந்த ஊருக்கு 350 நல்லது. உங்கள் 10 டன்னுக்கு 3500. சொட்டும் தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு. காயில் முகப்பில் காற்று நிமிடத்துக்கு 500 அடிக்கு மேல் ஓடினால், காயிலில் தொங்கும் நீர்த்துளிகளையே பிடுங்கிக்கொண்டு டக்ட்டுக்குள் போகும். காயிலின் முகப்பு 9 சதுர அடி, இப்போது ஓடும் காற்று 4800 சிஎஃப்எம் என்று வைத்துக்கொண்டால், அந்த வேகம் 530ஐத் தாண்டும், 3500இல் 390க்குக் கீழே அடங்கிவிடும்.

ஆனாலும் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் காசு செலவில்லாத சில வேலைகள் இருக்கின்றன. தெர்மோஸ்டாட்டில் ஃபேன் 'ஆன்' நிலையில் இருந்தால் இன்றைக்கே 'ஆட்டோ'வுக்கு மாற்றுங்கள். கம்ப்ரஸர் நின்ற பிறகும் ப்ளோவர் ஓடிக்கொண்டிருந்தால், காயிலிலும் அதன் அடியில் நீர் பிடிக்கும் தட்டிலும் நிற்கும் தண்ணீரைத் துவைத்த துணியைக் காயவைப்பது போலக் காயவைத்து மண்டபத்துக்கே திருப்பி அனுப்பும். பத்து நிமிடம் பிடித்த ஈரம் அடுத்த பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடும். நம் நாட்டில் 'ஆன்' நிலையில் ஓடும் மண்டபங்களை எத்தனையோ பார்த்துவிட்டேன், சொன்னால்தான் மாற்றுகிறார்கள்.

அப்புறம் டிரெயின் குழாயைப் பாருங்கள். ப்ளோவர் காயிலுக்குப் பின்னால் நின்று இழுக்கும் பெட்டிகளில் தட்டு இருக்கும் அறைக்குள் உறிஞ்சும் அழுத்தம் இருக்கும். குழாயில் 'யு' வடிவ வளைவு வைத்து அதில் தண்ணீர் நிற்காவிட்டால், வெளிக்காற்று குழாய் வழியாக உள்ளே ஏறி, தண்ணீரை வெளியே போகவிடாது. இடம் மாற்றிப் போட்ட பெட்டிகளில் இந்த வளைவைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். சமையற்கட்டின் எக்ஸாஸ்ட் ஃபேன் மண்டபக் காற்றை இழுக்கிறதா என்றும் பாருங்கள். அது இழுக்கும் அளவுக்கு வெளியிலிருந்து ஈரக் காற்று கதவிடுக்கு வழியாக வந்தே தீரும். மழை விட்ட சாயங்காலத்தில் நம் ஊர்க் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ப்ளோவர் சுற்றும் திசையையும் பார்த்துவிடுங்கள். பல வருடத்துக்கு முன்னால் பாகான் செராய் பக்கம் ஒரு மண்டபத்தில் காற்றே வரவில்லை என்று கூப்பிட்டார்கள். முன்பு வந்தவர் புல்லியை மாற்றியிருந்தார், பெல்ட்டை மாற்றியிருந்தார், பெரிய மோட்டார் வாங்கச் சொல்லிவிட்டும் போயிருந்தார். பெட்டியைத் திறந்து ஒரு விநாடி சுவிட்சைத் தட்டிப் பார்த்தால், ப்ளோவர் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று பேஸ் வயரில் இரண்டு இடம் மாறியிருந்தன. இந்த வகை ப்ளோவர் தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் காற்றைத் தள்ளும், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மோட்டாரின் இரண்டு வயரை மாற்றியதும் சரியாகிவிட்டது. அந்தச் செயலவை அதற்குள் செலவழித்த பணத்தை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது. உங்கள் பெட்டியில் ஆம்பியர் கூடுதலாக இருப்பதால் திசை சரியாகத்தான் இருக்கும், இருந்தாலும் கூட்டின் மேல் போட்டிருக்கும் அம்புக்குறியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது அளவு. ஃபில்டரைக் கழுவி, காயிலைச் சுத்தம் செய்துவிட்டு அளக்க வேண்டும். அழுக்கோடு எடுத்த அளவு பயன்படாது. பெட்டியின் கதவுகள் எல்லாம் மூடியிருக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆம்பியர் பார்ப்பது நம் ஆட்களிடம் உள்ள பழக்கம். திறந்த கதவில் தடை இன்னும் குறைந்து ஆம்பியர் மேலே போகும், அது உண்மையான அளவு இல்லை. வயரைக் கதவுக்கு வெளியே எடுத்துவைத்து மீட்டரை மாட்டுங்கள். காற்றை அளக்க ஒரு சின்ன அனிமோமீட்டர் போதும். மண்டபக் காற்று பெட்டிக்குத் திரும்பும் ரிட்டர்ன் வாயின் முகத்தில் ஒன்பது இடத்திலாவது வைத்துப் பார்த்துச் சராசரி எடுங்கள். வாய் 12 சதுர அடி, சராசரி வேகம் நிமிடத்துக்கு 400 அடி என்றால் 4800 சிஎஃப்எம். வாயில் கம்பி கிரில் இருந்தால் கழற்றிவிட்டு அளந்தால் கணக்கு சுத்தமாக வரும். கூடவே ரிட்டர்ன் காற்றின் வெப்பம், வெளியே போகும் காற்றின் வெப்பம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் 9 முதல் 11 பாகை வித்தியாசம் இருப்பது வழக்கம். உங்கள் மண்டபத்தில் 6, 7 பாகைதான் வரும் என்று நினைக்கிறேன்.

இப்போது புல்லி. மெயின் ஐசலேட்டரை (பெட்டிக்கு வரும் மின்சாரத்தை முழுதும் துண்டிக்கும் சுவிட்சை) இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட்டை அணைத்தது போதாது. மோட்டார் பக்கத்துப் புல்லி இரண்டு வட்டத் தட்டுகளாக இருக்கும். ஒன்று தண்டோடு நிலையாக நிற்கும், மற்றது மரையில் ஏறி இறங்கும். மோட்டார் நிற்கும் தளத்தின் போல்ட்டைத் தளர்த்திப் பெல்ட்டைக் கழற்றுங்கள். ஸ்குரூடிரைவரால் நெம்பிக் கழற்றினால் பெல்ட்டின் விளிம்பு கிழியும், புல்லியும் பிசிறும். அசையும் தட்டில் இருக்கும் அலன் கீ ஸ்குரூவைத் தளர்த்தி, முதலில் தட்டை முழுக்க உள்ளே திருகி, எத்தனை சுற்று திறந்திருந்தது என்று எண்ணுங்கள். எண்ணியதை எழுதிவைத்துவிட்டுப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து வெளிப்பக்கமாக ஒரு சுற்று.

தட்டு வெளியே வந்தால் பள்ளம் அகலும், பெல்ட் உள்ளே இறங்கி உட்காரும், புல்லி சின்னதானது போல ஆகும், ப்ளோவர் மெதுவாகச் சுற்றும். உள்ளே திருகினால் இதற்கு நேர்மாறு. அலன் கீ ஸ்குரூ மரையின் மேல் இறுகக்கூடாது, மரையில் சப்பையாகச் செதுக்கிய இடத்துக்கு நேராக வர வேண்டும். அதனால்தான் அரைச் சுற்று, ஒரு சுற்று என்று வைக்கிறோம், கால் சுற்று வைக்க முடியாது. மரையின் மேல் இறுக்கிவிட்டால் அடுத்த முறை அந்தத் தட்டு அசையவே அசையாது. இந்தப் புல்லிகள் பெரும்பாலும் ஐந்தாறு சுற்றுக்கு மேல் திறக்கக்கூடாது, பெல்ட் பள்ளத்தின் அடியைத் தொட்டால் வழுக்க ஆரம்பிக்கும். அதற்குள் காற்று போதிய அளவு இறங்காவிட்டால் ப்ளோவர் பக்கத்துப் புல்லியைப் பெரியதாக மாற்ற வேண்டியதுதான்.

தட்டை நகர்த்தியதும் இரண்டு புல்லியும் நேர்கோட்டில் இருக்காது. ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்து மோட்டாரைத் தள்ளிவையுங்கள். பெல்ட்டின் இழுவைக்கு ஒரு கணக்கு: இரண்டு தண்டுக்கும் நடுவே ஒரு மீட்டர் என்றால், நடுவில் அழுத்தினால் 16 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். அரை மீட்டர் என்றால் 8. கிண்ணென்று இறுக்கினால் பேரிங் போய்விடும்.

ஒவ்வொரு சுற்றுக்கும் கதவை மூடி, ஓடவிட்டு, காற்றையும் ஆம்பியரையும் அளந்து பார்த்து இறங்குங்கள். காற்று வேகத்துக்கு நேர் விகிதத்தில் குறையும், மோட்டாரின் வேலை அதைவிட வேகமாகக் குறையும். வேகத்தை 10 விழுக்காடு குறைத்தால் மோட்டார் செய்யும் வேலை 27 விழுக்காடு குறைகிறது. ஆம்பியர் அந்த அளவுக்கு விழாது, சும்மா சுற்றுவதற்கே மோட்டாருக்குக் கொஞ்சம் ஆம்பியர் வேண்டும். ஆனாலும் 4.8க்குக் கீழே வசதியாக வந்துவிடும், மதியத்தில் ஓவர்லோடு விழுவதும் நின்றுவிடும். இதில் ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள்: ப்ளோவர் ஓவர்லோடில் நின்றால் கம்ப்ரஸரும் உடனே நிற்கிறதா என்று சோதித்துவிடுங்கள். நிற்காவிட்டால் காயில் ஐஸ் கட்டி, திரவ கேஸ் கம்ப்ரஸருக்குள் போய் அதை உடைத்துவிடும்.

அதே ஆபத்து காற்றை அளவுக்கு மேல் குறைத்தாலும் வரும். டன்னுக்கு 300க்குக் கீழே போகவேண்டாம். பெட்டியில் ஆர்22 கேஸ் என்றால் சக்ஷன், அதாவது கம்ப்ரஸருக்குத் திரும்பும் கேஸின் அழுத்தம், 68 பிஎஸ்ஐ அளவில் காயில் 4 பாகைக்குச் சற்று மேலே இருக்கும், 57க்கு வந்தால் உறைநிலை. ஆர்410ஏ என்றால் இந்த இரண்டும் 118, 101. ஃபில்டர் பாதி அழுக்கடைந்த நிலையையும் மனதில் வைத்துக்கொண்டு கொஞ்சம் இடம் விடுங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் சொன்னது தப்பு என்று நினைப்பீர்கள். காற்றைக் குறைத்த முதல் ஓரிரு நாளில் காற்று வாய் இன்னும் அதிகமாக வியர்க்கலாம். காற்று முன்பைவிடக் குளிர்ச்சியாக வருவதால் இரும்பு வாயும் குளிர்ந்து போகும். மண்டபம் 24 பாகை, ஈரம் 70 விழுக்காடு என்றால் 18 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளிலும் தண்ணீர் கட்டும். ஈரம் 55 விழுக்காட்டுக்கு இறங்கினால் அந்த எல்லை 14 பாகைக்குப் போய்விடும், வியர்ப்பதும் அடங்கும். கதவுகளை மூடிவைத்து, விழாவுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகவே போட்டுவிடுங்கள். தெர்மோஸ்டாட்டை 18இல் வைக்க வேண்டாம், 24 போதும். மலேசியக் கட்டடங்களுக்கான எம்எஸ் 1525 தர விதியும் 24 முதல் 26 பாகை, ஈரம் 50 முதல் 70 விழுக்காடு என்றுதான் சொல்கிறது. ஈரம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கி மண்டபத்துச் சுவரில் மாட்டிவிடுங்கள்.

கல்யாணக் கூட்டத்தைப் பற்றி: உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளிடமிருந்து நூறு வாட்டுக்கு மேல் வெப்பம் வரும். இருநூறு பேர் என்றால் 20 கிலோவாட்டைத் தாண்டும். உங்கள் 10 டன் மொத்தமே 35 கிலோவாட்தான், அதில் கூரையின் சூடும் விளக்கும் வேறு. அந்தக் குறையை ப்ளோவரால் தீர்க்க முடியாது.

இனி ஹீட்டர். தெர்மோஸ்டாட்டை 'ஹீட்' நிலைக்குத் தள்ளினால் பெரும்பாலான பெட்டிகளில் கம்ப்ரஸர் நின்றுவிடும், ஹீட்டர் மட்டும் எரியும். காற்று சூடாகும், ஈரம் ஒரு சொட்டுக்கூட வெளியே போகாது. தோட்டத்தில் ரப்பர் ஷீட் புகைபோடும் கூடத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். அடியில் நெருப்பு எரிந்தாலும் மேலே காற்றுத் திறப்பை அடைத்துவைத்தால் ஷீட் காயாது, ஈரம் வெளியே போக வழி வேண்டும். மூடிய மண்டபத்தில் அந்த வழி காயில் ஒன்றுதான், அதை நிறுத்திவிட்டுச் சூடேற்றி என்ன பயன்?

தொழிற்சாலையில் அந்த ஹீட்டரை வைத்ததற்கு வேறு காரணம் இருந்திருக்கும். கம்ப்ரஸரை நிறுத்தாமல் ஓடவிட்டு ஈரத்தைப் பிழிந்துவிட்டு, அளவுக்கு மேல் குளிர்ந்த அதே காற்றை ஹீட்டர் மறுபடி கொஞ்சம் சூடேற்றி அனுப்பும். அதற்கு ஈரத்தைப் பார்த்து வேலை செய்யும் ஹ்யூமிடிஸ்டாட் வேண்டும், ஹீட்டரும் காயிலுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் முறை சரியானது, ஆனால் ஒரே நேரத்தில் குளிர்ச்சிக்கும் சூட்டுக்கும் காசு கட்டுகிறீர்கள். 15 கிலோவாட் என்றால் மணிக்கு 15 யூனிட். 400 வோல்ட் மூன்று பேஸில் 22 ஆம்பியர் கூடுதலாக ஏறும், கல்யாண நாளில் அலங்கார விளக்கோடு சேர்ந்து மெயின் பிரேக்கர் விழும். ஒரு கோயில் மண்டபத்துக்கு இது தேவையில்லை என்பது என் முடிவு. கேமரன் மலையில், தானா ராத்தாவில், இரவு 16 பாகையைத் தொடும் இடத்தில் ஒரு மண்டபம் என்றால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

செயலவை பிடிவாதமாக வேண்டும் என்றால், ஹீட்டர் இரண்டு கட்டமாக வயர் செய்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் 7.5 கிலோவாட்டை மட்டும் விட்டுவைத்தால், 3500 சிஎஃப்எம் காற்றை அது 4 பாகைக்குச் சற்றுக் குறைவாக உயர்த்தும். 13 பாகையில் வரும் காற்று 17இல் வரும், அது போதும். முழு 15 போட்டால் ஏறுவது ஏழரை பாகை. ஃபில்டர் அடைத்துக் காற்று பாதியானால் அதுவே 15 பாகை. காற்று நின்றால் கம்பி சிவந்து நெருப்பாகிவிடும். எனவே மூன்று பாதுகாப்பு இல்லாமல் அதற்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது: காற்று ஓடுவதை உறுதி செய்யும் சுவிட்ச், சூடு ஏறினால் துண்டிக்கும் கட்அவுட், ஹீட்டர் அணைந்த பிறகும் ஓரிரு நிமிடம் ப்ளோவரை ஓட்டும் டைமர். மூன்று மாதம் சும்மா கிடந்த ஹீட்டர் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், மின்கசிவு இருக்கிறதா என்று காட்டும் மெகர் வைத்துப் பார்க்காமல் போடாதீர்கள். இந்த வேலையைச் சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையத்தில்) பதிவு பெற்ற வயர்மேனிடம் கொடுங்கள். அவர் வரும் வரைக்கும் ஹீட்டரின் பிரேக்கரை இறக்கி டேப் ஒட்டி வையுங்கள், சமய வகுப்புப் பிள்ளைகள் யாராவது தெர்மோஸ்டாட்டைத் தட்டிவிடலாம்.

ப்ளோவர் வேலை முடிந்ததும் ஒரு மார்க்கர் பேனாவால் பெட்டிக் கதவின் உள்பக்கம் தேதி, புல்லி எத்தனை சுற்று, ஆம்பியர், போகும் காற்று வரும் காற்று இரண்டின் வெப்பம் எல்லாவற்றையும் எழுதுங்கள். புது பெல்ட் போட்டிருந்தால் இரண்டு நாளில் இளகும், மறுபடி ஒருமுறை இழுத்துவிட வேண்டும். ஒரு மாதம் கழித்து அதே அளவுகளை எடுத்துப் பார்த்து, மண்டபத்து ஈரம் எவ்வளவு என்றும் சேர்த்து எனக்கு எழுதுங்கள் தம்பி.